இடம் மாறிய கட்டைவிரல்

ஜாஸ்மின் பயப்படுவதற்குத் தனியாக ஒரு காரணம் வேண்டியதில்லை. சேரப்பணஞ்சேரியில் அவளைத் தெரிந்தவர்கள் எல்லோரும் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். அடுப்பை அணைத்துவிட்டு வாசல் வரை வந்தவள், திரும்பிப் போய் இன்னொரு முறை பார்ப்பாள். கம்பெனி வண்டி வருவதற்கு வெகு நேரம் முன்பே போய் நின்றுகொண்டு, வண்டி போய்விட்டதா என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கேட்பாள். அவள் கணவன் தாவீது படப்பையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். அவன் போனை எடுக்கக் கொஞ்சம் தாமதமானால் போதும், இவள் மனசு ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றுவிடும்.

"உன்ன கட்டிக்கினு நான் உயிரோட கீறனா இல்லையான்னு எனக்கே டவுட்டா கீது" என்பான் தாவீது.

இந்தப் பயத்தில் பாதி அவளுடைய இடது கையிலிருந்து வந்தது. பிறவியிலேயே இடது கைக்காரி. பள்ளிக்கூடத்தில் அந்தக் கைமேல் ஸ்கேல் விழுந்தது. கோயிலில் காணிக்கைத் தட்டில் இடது கையால் காசு போட்டதற்கு அம்மா தொடையில் கிள்ளியது இன்றைக்கும் நினைவிருக்கிறது. பெண் பார்க்க வந்தபோது காப்பியை வலது கையால்தான் கொடுக்க வேண்டும் என்று ஒரு வாரம் பயிற்சி நடந்தது. அப்படியும் பாதி காப்பி தட்டில் கொட்டியது, அது வேறு கதை. மொத்தத்தில் அவள் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: நாலு பேர் பார்க்கும்போது வலது கை, யாரும் பார்க்காதபோது இடது கை. வலது கையால் எழுதினால் கோழி கிளறிய மாதிரி இருக்கும். இடது கையால் எழுதினால் அச்சு.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு செல்போன் கம்பெனியில் இருந்தாள். அது மூடிய பிறகு சில காலம் வீட்டில். அப்புறம் ஒரகடத்தில் கார் சீட்டுக்கு இரும்புச் சாமான் செய்யும் கம்பெனியில் கான்ட்ராக்டில் சேர்ந்தாள். பல வருஷமாக அங்கேதான் இருக்கிறாள். அடுத்த மாதம் பெர்மனென்ட் ஆக்கப்போகிறோம், வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார் என்று மேலே இருப்பவர்கள் சொல்லியிருந்தார்கள். வாயை மூடிக்கொள்வது ஜாஸ்மினுக்குப் பெரிய கஷ்டமே இல்லை.

அவள் வேலை, வெல்டிங் முடிந்து வரும் பிராக்கெட்டைச் சோதிப்பது. கையகலத்துக்கு வளைந்த இரும்பு. சீட் பெல்ட்டின் ஒரு நுனி அதில்தான் மாட்டப்படும். கார் எங்காவது மோதினால் உள்ளே இருக்கிறவரை இழுத்துப் பிடிப்பது அந்த இரும்பும் அதிலிருக்கும் வெல்டிங் பொட்டுகளும்தான். காரின் இடப்பக்கத்துக்கு ஒன்று, அதை எல்ஹெச் என்பார்கள். வலப்பக்கத்துக்கு ஒன்று, அது ஆர்ஹெச். இரண்டும் அச்சு அசலாக ஒன்றேதான், ஆனால் பக்கம் மாறியிருக்கும். ஒன்றைக் கண்ணாடியில் காட்டினால் மற்றொன்று தெரியும். புதிதாக வருகிறவர்கள் பின்பக்கத்தில் அடித்திருக்கும் நம்பரைத் திருப்பிப் பார்த்துத்தான் எது எதுவென்று சொல்வார்கள். ஜாஸ்மினுக்கு அது தேவையில்லை. எட்ட இருந்து பார்த்தாலே கண் சொல்லிவிடும்.

போன வருஷம் அவள் மேஜைக்கு ஒரு டேப்லெட்டும், அதன் திரையில் எழுத ஒரு பேனாவும் வந்தன. அதுவரைக்கும் கெட்டுப்போன சாமானில் பெயின்டால் கோடு போட்டு, அட்டை கட்டி வைப்பார்கள். இனிமேல் போட்டோ எடுத்து, எங்கே கோளாறு என்று அதன் மேலேயே வரைந்து, குவாலிட்டி குரூப்பில் போட வேண்டும் என்று உத்தரவு. குவாலிட்டி சூப்பர்வைசர் ஜெபகுமார் வந்து சொல்லிக்கொடுத்தார். இது பேனா, இது மார்க்கர், இது அம்புக்குறி, இது அழிக்கிறது. கோணல்மாணலாக ஒரு வட்டம் போட்டு பேனாவை எடுக்காமல் கொஞ்சம் பிடித்தால் அதுவே அழகான வட்டமாகிவிடும். இரண்டு விரலால் ஒரு தட்டுத் தட்டினால் கடைசியாகப் போட்ட கோடு காணாமல் போகும். ஜாஸ்மின் முதல் வாரம் அதைத் தொடவே நடுங்கினாள். உடைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்று துப்பட்டா நுனியால் துடைத்துத் துடைத்து வைத்தாள். அப்புறம் பிடித்துப்போயிற்று. இடுக்கிலிருக்கும் முடியளவு விரிசலைப் பெரிதாக்கி, சிவப்பில் வட்டம் போட்டு, அம்பு இழுத்து, பக்கத்தில் எழுதி அனுப்பினால் பார்ப்பவர்களுக்குப் பேச்சே வராது.

ஒரே ஒரு தொந்தரவுதான் இருந்தது. பேனா, ரப்பர், கலர் எல்லாம் திரையின் இடது ஓரத்தில் வரிசையாக நின்றன. படத்தின் மேல் கை பட்டால் ஒன்றும் ஆகாது, பேனா முனை மட்டும்தான் எழுதும். ஆனால் அந்த ஓரத்தில் கை பட்டால் ஏடாகூடம். விரிசல் இடப்பக்கம் இருக்கும்போதெல்லாம் அவளுடைய உள்ளங்கை அங்கே போய் உட்கார்ந்து, பேனா ரப்பராகும், சிவப்பு பச்சையாகும். இதை ஜெபகுமாரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் இடது கை விஷயம் வெளியே வரும். யாரும் இல்லாத நேரத்தில் ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிப் பார்த்து அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். இரண்டு முக்கோணம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும் பொத்தான் ஒன்று. அமுக்கினால் படம் அப்படியே பக்கம் மாறிக்கொள்ளும். இடப்பக்கத்து விரிசல் வலப்பக்கம் போய்விடும். அங்கே நிம்மதியாக வட்டமும் அம்பும் போட்டுவிட்டு, மறுபடி அமுக்கினால் எல்லாம் சேர்ந்து பழைய இடத்துக்குத் திரும்பும். அப்புறம் எழுத்தைத் தட்டி அனுப்பிவிடுவாள். அவளுடைய வட்டத்தைப் பார்த்து மற்ற லைன் ஆட்களுக்கெல்லாம் ஜெபகுமார் உதாரணம் காட்டினார்.

அன்றைக்குக் காலை டீ முடிந்து வந்ததும் ஒரு எல்ஹெச் பிராக்கெட் கையில் வந்தது. வெல்டிங் பொட்டைச் சுற்றி மயிரிழை மாதிரி ஒரு விரிசல். விளக்கின் கீழே சாய்த்துப் பார்த்தாள், விரிசலேதான். வலது கையில் பிராக்கெட்டை ஏந்திக்கொண்டு படம் எடுத்தாள். படத்தைத் திருப்பிப் போட்டாள். வட்டம், அம்பு. அந்த நேரம் பார்த்து யாரோ "கஸ்டமர் வராங்க, கண்ணாடி, கண்ணாடி" என்று குரல் கொடுத்தார்கள். பாதுகாப்புக் கண்ணாடி அவள் தலைமேல் ஏறி உட்கார்ந்திருந்தது. போன வாரம் இதே தப்புக்கு ஒருவனை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பதறிப்போய்க் கண்ணாடியை இறக்கி, பேனாவைச் சட்டென்று வலது கைக்கு மாற்றிக்கொண்டு, கஸ்டமர் கம்பெனி ஆட்கள் நடந்து கடந்து போகும்வரை பொம்மை மாதிரி நின்றாள்.

அவர்கள் போனதும் திரையைப் பார்த்தாள். வட்டம் இருந்தது, அம்பு இருந்தது. எழுத்து ஒன்றுதான் பாக்கி. திரையில் இருந்தது ஆர்ஹெச். பார்த்ததும் கண் சொல்லிவிட்டது, பல வருஷத்துக் கண் அல்லவா. "ஆர்ஹெச், வெல்டிங் விரிசல்" என்று தட்டி அனுப்பினாள்.

ஜெபகுமார் ஓடி வந்தார். "சூப்பர் ஜாஸ்மின், நல்ல நேரத்துல புடிச்ச" என்றார். ஆர்ஹெச் லைன் நின்றது. காலையிலிருந்து ஓடிய ஆர்ஹெச் சாமான் அத்தனைக்கும் சிவப்பு அட்டை கட்டி ஓரமாகத் தள்ளினார்கள். அதையெல்லாம் ஒன்றுவிடாமல் மறுபடி சோதிக்கச் சொன்னார்கள். ஜாஸ்மின் எடுத்தாள், பார்த்தாள், வைத்தாள். ஒன்றில்கூட விரிசல் இல்லை. இப்படி நடப்பதில்லை. வெல்டிங் மெஷினின் செப்பு முனையான டிப் தேய்ந்தால் நாலைந்தாவது மாட்டும். முதலில் ஆச்சரியமாக இருந்தது, பிறகு சங்கடமாக இருந்தது, அதன் பிறகு பயமாக இருந்தது.

விரிசல் விட்ட பிராக்கெட்டை ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று, கெட்ட சாமானைப் போடும் சிவப்புத் தட்டிலிருந்து எடுத்தாள். கையில் இருந்தது எல்ஹெச்.

யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தாள். டேப்லெட்டைத் திறந்தாள். படத்தில் அதே விரிசல், அதே பொட்டு, ஆனால் பிராக்கெட் ஆர்ஹெச். கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள். அப்போதுதான் படத்திலிருந்த கையைக் கவனித்தாள். சாமானை ஏந்தியிருந்த கையுறைக் கை. வலது கையால்தானே ஏந்தினாள்? வலது உள்ளங்கையை முகத்துக்கு நேரே விரித்துப் பார்த்தாள். கட்டைவிரல் வலப்பக்கம் இருந்தது. படத்தில் இடப்பக்கம் இருந்தது. தன் தோளில் யாருடைய கையோ ஒட்டியிருப்பதுபோல ஒரு கணம் உடம்பே கூசியது. அது அவள் கை. ஆனால் அவள் கை இல்லை.

திருப்பிப் போட்ட படத்தைத் திரும்பத் திருப்பவே இல்லை.

ஒழுங்காக இருந்த ஆர்ஹெச்சை நிறுத்தி வைத்திருக்கிறாள். இவள் ஆர்ஹெச்சைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், விரிசல் விட்ட எல்ஹெச் அத்தனையும் சரியாகப் பார்க்காமலே நல்லது என்று முத்திரை வாங்கிக்கொண்டு போயிருக்கும்.

சாமான் ஏற்றும் இடத்துக்கு ஓடினாள். கம்பெனிக்குள் ஓடக்கூடாது என்று ஒரு விதி உண்டு, அன்றைக்கு அதற்குப் பயப்படவும் அவளுக்கு நேரமில்லை. வண்டியில் ஏறுவதை எழுதுகிற பெண் கவிப்பிரியா, மணிமங்கலத்துக்காரி, ஃபேனுக்கு அடியில் நின்றுகொண்டிருந்தாள்.

"கவி, எல்ஹெச் போயிடுச்சா?"

"அது எப்பவோ போச்சே. லோகேஷ் வண்டி. ஏன், இன்னாச்சு?"

"நிறுத்த முடியுமா?"

"நான் எப்டிக்கா நிறுத்துவேன்? சூப்பர்வைசர் சொன்னாத்தான். இன்னாக்கா, மூஞ்சி இப்டி வெளுத்துப் போய்க்கீது?"

பிராக்கெட்டை வாங்கி சீட் செய்யும் கம்பெனி அங்கிருந்து தூரமே இல்லை. அங்கே சாமானை அடுக்கி வைக்க இடமும் கிடையாது. வண்டி உள்ளே நுழைந்தால் நேரே லைனில் ஏறிவிடும், சீட்டாகிவிடும், காராகிவிடும். அப்புறம் எந்தக் காரில் எது இருக்கிறது என்று ஆண்டவருக்குத்தான் தெரியும். யாரோ ஒருத்தி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெல்ட்டைப் போட்டுக்கொள்வாள். ஜாஸ்மின் மனசு எப்போதுமே இல்லாததை எல்லாம் ஜோடித்துப் பார்க்கும். முதல் முறையாக அது ஜோடித்தது உண்மையாகவே நடக்கக்கூடியதாக இருந்தது.

ஜெபகுமாரின் அறைக்கு முன்னால் போய் நின்றாள். நடந்ததை அப்படியே சொல்லத்தான் வந்தாள். சார், படத்தைத் திருப்ப மறந்துட்டேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. அவர் நிமிர்ந்து "இன்னா?" என்று கேட்டதும், ஸ்கேல் விழுந்த காலத்துப் பயம் அத்தனையும் திரும்பி வந்தது. கான்ட்ராக்ட், பெர்மனென்ட், தாவீது, வாடகை எல்லாம் கண்முன்னால் ஓடின. அவள் நாக்கு அவளைக் கேட்காமலே பேசியது.

"சார், எல்ஹெச்லயும் விரிசல் கீது சார். இப்பதான் பாத்தேன்."

கையிலிருந்த பிராக்கெட்டை நீட்டினாள். அது பொய் என்று சொன்னால் பொய், இல்லையென்றால் இல்லை. எல்ஹெச்சில் விரிசல் இருப்பது நிஜம்தானே. அந்த ஒரு "லயும்" இருக்கிறதே, அதில்தான் எல்லாம் இருந்தது.

ஜெபகுமார் எகிறிக் குதித்து எழுந்தார். லோகேஷுக்குப் போன் போட்டார். வண்டி ஓட்டுகிறவன் எங்கே எடுப்பான். மறுபடி போட்டார். சீட் கம்பெனி கேட்டுக்குப் போட்டார், லைன் கிடைக்கவில்லை. ஜாஸ்மின் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜெபம் செய்யக்கூட வார்த்தை வரவில்லை, "இயேசப்பா, இயேசப்பா" என்று அதுவே திரும்பத் திரும்ப வந்தது. கடைசியில் லோகேஷ் எடுத்தான். கேட்டுக்கு வெளியே வண்டி வரிசையில் நின்றுகொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தானாம்.

"உள்ள போவாத, அப்டியே திருப்பிக்கினு வந்துடு" என்று ஜெபகுமார் கத்தினார்.

ஜாஸ்மினுக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல இருந்தது. தப்பித்தாயிற்று. காரும் தப்பித்தது, அவளும் தப்பித்தாள். இரண்டு பக்கத்தையும் கண்டுபிடித்தவள் என்று ஆளாளுக்குப் பாராட்டினார்கள். மேனேஜரே வந்து தலையாட்டிவிட்டுப் போனார். அவள் பாராட்டு வாங்குகிற முகமா அது? பேயறைந்த முகம். வேலைக் களைப்பு என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஆனால் கம்பெனி அதோடு விடாது. விரிசல் வந்தால் ஏன் வந்தது என்று சொல்லியாக வேண்டும். எல்ஹெச் மெஷினைத் திறந்து பார்த்தார்கள். குளிர்விக்கிற தண்ணீர்க் குழாயில் அடைப்பு. மெஷின் கோளாறு, யார் மேலும் பழி இல்லை. ஆர்ஹெச் மெஷினைத் திறந்தார்கள். தண்ணீர் ஓடுகிறது, காற்று சரியாக இருக்கிறது, கரன்ட் சரியாக இருக்கிறது. தலைகீழாக நின்று பார்த்தும் ஒரு குறையும் அகப்படவில்லை. மெஷினில் தப்பில்லை என்றால் ஆள் மேல் தப்பு, அங்கே அப்படித்தான் கணக்கு.

ஆர்ஹெச் மெஷினில் நின்றவள் உலகம்மாள். தென்காசிப் பக்கத்துப் பெண், படப்பையில் நாலு பெண்களோடு ஒரே அறையில் தங்கியிருந்தாள். அவளுக்கும் ஜாஸ்மினுக்கும் அப்படி ஒன்றும் ஒட்டுறவு கிடையாது. உலகம்மாள் வாய் ஓயாது, ஜாஸ்மினின் பயத்தை நடித்துக் காட்டி கேன்டீனில் எல்லோரையும் சிரிக்கவைப்பாள். ஷிப்ட் ஆரம்பத்தில் வெல்டிங் மெஷினின் செப்பு டிப்பை மாற்ற வேண்டியது அவள் வேலை. மாற்றாமல் ஓட்டினால் பொட்டு சரியாகப் பிடிக்காது, விரிசல் வரும்.

"டிப் மாத்துனியா?" என்று கேட்டார்கள்.

"மாத்துனேன் சார்."

"அப்புறம் எப்டி விரிசல் வந்துது? போட்டோ கீதே."

திரும்பத் திரும்ப அதையே கேட்டார்கள். போட்டோ இருந்ததால், விரிசல் விட்ட ஆர்ஹெச் சாமான் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. ஜாஸ்மின் தன் மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். உலகம்மாள் முதலில் கையை ஆட்டிச் சண்டை போட்டாள். அப்புறம் கை இறங்கியது. கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். கான்ட்ராக்டரின் ஆள் வந்து அவளுடைய கேட் கார்டை வாங்கிக்கொண்டான். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றான்.

சொல்லிவிடலாம் என்று ஜாஸ்மின் எழுந்தாள். உட்கார்ந்தாள். இப்போது சொன்னால் முதலில் செய்தது மறதி, இரண்டாவது செய்தது பொய், இரண்டுக்கும் சேர்த்து அடி விழும். உலகம்மாளுக்கு வேறு வேலை கிடைக்காமலா போகும், ஒரகடத்தில் கம்பெனிக்கா பஞ்சம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பயந்தவர்களுக்கு இந்த மாதிரி நியாயம் எங்கிருந்துதான் இவ்வளவு சீக்கிரம் கிடைக்குமோ.

சாப்பாட்டு நேரத்தில் அவளால் ஒரு கவளம்கூட விழுங்க முடியவில்லை. டேப்லெட்டையும் கூடவே எடுத்து வந்திருந்தாள். அதை மேஜையில் விட்டுவிட்டு வரத் தைரியம் இல்லை, யாராவது திறந்து அந்தக் கையைப் பார்த்துவிட்டால்? உலகம்மாள் தட்டு எடுக்காமலே வந்து எதிரில் உட்கார்ந்தாள். திட்டப் போகிறாள் என்று ஜாஸ்மின் தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

"யக்கா, அந்தப் போட்டோவ ஒருக்கா காட்டுங்க" என்றாள் உலகம்மாள். குரலில் வழக்கமான துடுக்கு இல்லை.

ஜாஸ்மின் காட்டினாள். வேறென்ன செய்வது. உலகம்மாள் குனிந்து பார்த்தாள். சிவப்பு வட்டத்துக்குள் இருந்த விரிசலை விரலால் தடவினாள்.

"எனக்கு மாத்துன மாதிரித்தான் இருக்குக்கா. ஆனா இத்தன பேரு கேக்கையில ஒண்ணும் புரியல. வழக்கமா செய்யுறதுதானே, நேத்து மாத்துனது நெனப்புல நிக்குதோ என்னமோ. நீங்க படம் போட்டு அனுப்பிருக்கிய. ஒங்க கண்ணு தப்பா பாக்காதுலா. அப்போ நாந்தான் மாத்தல."

ஜாஸ்மின் தன் தட்டை ஓரமாகத் தள்ளினாள்.

"வேல போனாப் போவுது. இன்னிக்கி மாத்தல, சரி. நேத்து மாத்துனேனா? போன வாரம்? அதெல்லாம் எப்பவோ காரா போயிருக்கும்லாக்கா. எந்த ஊர்லயோ ஓடிட்டு இருக்கும். அதுல பச்சப்புள்ள இருந்தா என்ன செய்ய?" உலகம்மாளின் உதடு கோணியது. "எனக்கு வகுத்தக் கலக்குதுக்கா. யார்ட்ட சொல்ல?"

காலையிலிருந்து தன்னைத் தின்றுகொண்டிருந்த அதே பயம், ஒரு துளி குறையாமல், ஒரு தப்பும் செய்யாத ஒருத்தியின் வயிற்றில் போய் உட்கார்ந்திருப்பதை ஜாஸ்மின் பார்த்தாள். அதை அங்கே வைத்தது இவள். வேலையைப் பறித்ததைக்கூட எப்படியாவது சமாளித்திருப்பாள். இதை அவளால் தாங்க முடியவில்லை.

டேப்லெட்டைத் தன் பக்கம் இழுத்தாள். பேனாவை எடுத்தாள். படத்திலிருந்த கையுறைக் கையின் கட்டைவிரலைச் சுற்றி வட்டம் போட்டாள். கோணலாக வந்தது. பேனாவை எடுக்காமல் பிடித்ததும் அதுவே நேராயிற்று. அம்பு இழுத்து எழுதினாள்: "இது என் வலது கை." அதற்கு மேல் ஓடவில்லை. இரண்டு விரலால் தட்டினாள், எழுத்து போயிற்று. இன்னொரு தட்டு, அம்பு போயிற்று. இன்னொன்று, வட்டமும் போய்ப் படம் காலையில் இருந்த மாதிரியே ஆனது. இப்படியே மூடி வைத்துவிடலாம். யாருக்கும் தெரியாது. எதிரே உலகம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், விரல்களை மடக்கி மடக்கி எந்த நாள் மாற்றினேன், எந்த நாள் மாற்றவில்லை என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டு.

ஜாஸ்மின் மறுபடி வட்டம் போட்டாள். இந்த முறை நிறுத்தாமல் எழுதினாள்.

"இது என் வலது கை. கட்டைவிரல் பக்கம் மாறியிருக்கு பாருங்க. படத்தைத் திருப்பிப் போட்டு வரைஞ்சிட்டு மறுபடி திருப்ப மறந்துட்டேன். இது எல்ஹெச். ஆர்ஹெச்சில் விரிசல் இல்லவே இல்லை. பயத்துல பொய் சொல்லிட்டேன். உலகம்மாள் மேல தப்பு இல்லை. ஜாஸ்மின்."

கேன்டீன் நிறைய ஆட்கள். இடது கையால் எழுதிக்கொண்டிருக்கிறோம் என்பதே அவளுக்கு நினைவில்லை. அனுப்புகிற பொத்தான்மேல் விரலை வைத்தாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அமுக்கினாள். கண்ணைத் திறந்தபோது படம் போய்விட்டிருந்தது. குரூப்பில் ஒருவர் பார்த்தார், இன்னொருவர் பார்த்தார், மேனேஜர் பார்த்தார். ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை.

ஜெபகுமார் கேன்டீனுக்குள் வேகமாக வந்தார். அவர் முகத்திலும் ரத்தமில்லை. ஆர்ஹெச் கெட்டுப்போனது என்று கஸ்டமருக்கு எழுதி அனுப்பியிருந்தார் பாவம், இனி அவருக்கும் இருக்கிறது.

"இன்னா ஜாஸ்மின் இது? என்னாண்ட வந்து சொல்லியிருக்கக் கூடாதா? எதுக்குக் குரூப்புல போட்ட?"

"உங்களாண்ட வந்தா பயத்துல மறுபடியும் பொய்தான் சார் வரும்" என்றாள் ஜாஸ்மின்.

அவர் டேப்லெட்டை வாங்கிக்கொண்டார். படத்தைப் பார்த்தார். தன் வலது கையை விரித்துப் பார்த்தார். "எதுக்குத் திருப்பின?" என்று கேட்டார். இடது கை, உள்ளங்கை, ஓரத்துப் பொத்தான் என்று அவள் திக்கித்திக்கிச் சொன்னாள். அவர் எதையோ இரண்டு முறை தட்டினார். இடது ஓரத்தில் இருந்த பேனா, ரப்பர், கலர் எல்லாம் அப்படியே நகர்ந்து வலது ஓரத்தில் போய் நின்றன.

"இடது கைக்காரங்களுக்குன்னே இது கீது. ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும்" என்றார். அதைத் திட்டாக அவர் சொல்லவில்லை. அதனாலேயே அவளுக்கு அழுகை வந்தது.

அன்றைக்கே அவளை மேஜையிலிருந்து எடுத்துவிட்டார்கள். நாளைக்கு ஆபீசுக்கு வரச் சொன்னார்கள், என்ன முடிவு என்று யாரும் சொல்லவில்லை. பெர்மனென்ட் பேச்சை யாரும் எடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. தாவீதுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன், "கேட்டாண்ட நில்லு, நானே வந்து கூட்டிக்கினு போறேன்" என்றான்.

உலகம்மாளைத் தேடிக்கொண்டு போனாள். கை கழுவும் இடத்துக்குப் பின்னால் தனியாக நின்றுகொண்டிருந்தாள் அவள். கேட் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டிருந்தார்கள், அது கழுத்தில் தொங்கியது. அடிப்பாள், காறித் துப்புவாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் ஜாஸ்மின் போனாள். மன்னிப்புக் கேட்க வார்த்தைகளைக்கூட ஜோடித்து வைத்திருந்தாள். உலகம்மாள் அதற்கெல்லாம் இடம் கொடுக்கவில்லை.

"அப்போ நான் டிப்ப மாத்திருக்கேன்" என்றாள்.

"மாத்திருக்க."

"நேத்தும்?"

"நேத்து சாமானையும் நாந்தான் பாத்தேன். எல்லாம் நல்லாத்தான் இருந்துது. போன வாரமும்தான். ஒண்ணுகூட கெட்டது இல்ல."

"சத்தியமா?"

"என் புருஷன் மேல சத்தியமா."

உலகம்மாள் அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் முகத்தில் பொத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். ஜாஸ்மின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மெதுவாக அவள் தோளில் கையை வைத்தாள்.

"தொடாதீய" என்றாள் உலகம்மாள், முகத்தை மூடியபடியே. "எனக்கு இன்னும் ஒடம்பு நடுங்குது."

ஜாஸ்மின் கையை எடுத்துக்கொண்டாள்.